நீலச் சுவரின் ஒரே படம்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பதினொரு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். பார்சலைக் கையில் வாங்கினாலே உள்ளே இருப்பது புத்தகமா, புடவையா என்று தெரிந்துவிடும். "ஒண்ணுமில்லம்மா, வெறும் பேப்பர்தான்" என்று ஒருத்தன் சொன்னால், அவன் முகத்தைப் பார்த்தே அது பேப்பர் இல்லை என்று சொல்லிவிடுவேன். நாள் முழுக்க அப்படிப் பழகிய கண்ணைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியிலா மாட்ட முடியும்? வீட்டிலும் அதே கண்தான். அதே மூக்குதான்.

தியாகராய நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டை விட்டு எங்களைக் கிளப்ப ஓனர் கேஸ் போட்டபோது, எங்களைக் காப்பாற்றக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்க முடியும். அது ஒரு கலர் போட்டோ. அந்தப் போட்டோவுக்கு என்ன ஆயிற்று என்பதை இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் பாதிதான்.

வீட்டில் மூன்று குடித்தனம். முன் போர்ஷனில் ஒரு மாமியும் மாமாவும். பின் போர்ஷனில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் பெண். மாடியில் ஒற்றை ரூம், அதில் யாராவது ஒரு பிரம்மச்சாரி வருவார், போவார். எங்கள் போர்ஷனுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல்லோடு ஒரு முற்றம். பெரிய அரண்மனை ஒன்றும் இல்லை. ஆனால் என் ஆபீஸுக்கு நடந்தே போகலாம், பெண்ணின் பள்ளிக்கூடம் அடுத்த தெரு, அவருக்கு மாம்பலம் ஸ்டேஷன் பக்கம். சமையலறையில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. நாங்கள் குடிவந்த அன்றைக்கே இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் அந்த அறையில் மனுஷி நின்று சமைக்க முடியாது, புகையில் கண் அவிந்துவிடும். அந்த ஜன்னல் இருந்த சுவர், சுண்ணாம்பில் நீலம் தாராளமாகக் கலந்து அடித்த சுவர். யார் கலந்தார்களோ, துணிக்குப் போடுகிற நீலத்தை மூட்டையோடு கொட்டிவிட்டார்கள் என்று நாங்கள் சிரிப்போம்.

அப்போதெல்லாம் தெருவில் எங்களைப் போன்ற வாடகைக்காரர்களுக்கு ஒரே பயம்தான். வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாகிக்கொண்டிருந்தன. போன மாசம் மல்லிகைப் பந்தல் இருந்த வாசலில் இந்த மாசம் எவர்சில்வர் குடம் கட்டித் தொங்கும். தெற்கேயிருந்து வந்த வியாபாரிகள் நல்ல விலை கொடுத்து வாங்கினார்கள், ஓனர்கள் விற்றார்கள், குடியிருந்தவர்கள் சட்டி பானையோடு அசோக் நகர், வடபழனி என்று போனார்கள். அதனால் தெருவில் யாராவது புதுசாக ஒருத்தன் நின்று ஒரு வீட்டை அண்ணாந்து பார்த்தால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவோம். புரோக்கரோ, வாங்க வந்தவனோ, கார்ப்பரேஷன் ஆளோ என்று கதவிடுக்கில் நின்று கவனிப்போம்.

இந்த நிலைமையில்தான் மாடி ரூமுக்குப் புதுசாக ஒருத்தர் வந்தார். இருபத்தைந்து இருபத்தாறு வயசு. வடபழனிப் பக்கம் சினிமா ஃபிலிம் கழுவுகிற லேபில் வேலை. பேச்சு குறைவு, கையில் எப்போதும் ஒரு கேமரா. சரி, ஆசைக்குப் படம் எடுக்கிறார் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் ஆட்களை எடுக்கவில்லை. கல்யாணத்தை எடுக்கவில்லை, குழந்தையை எடுக்கவில்லை. வீட்டை எடுத்தார், காம்பவுண்டுச் சுவரை எடுத்தார், தெரு முனையை எடுத்தார். அதுவும் கலரில்!

கலர் ஃபிலிம் என்றால் அந்தக் காலத்தில் லேசா? சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. வந்தாலும் ஒரு ரோலைப் பொங்கலில் ஆரம்பித்து அடுத்த தீபாவளி வரைக்கும் வைத்திருப்பார்கள். ஒரு படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் வீடே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட ஃபிலிமை இவர் சுவருக்கும் கேட்டுக்கும் செலவழிக்கிறார் என்றால் எனக்கு மூக்கில் வேர்க்காதா? ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

"தம்பி, உங்களுக்குக் கலர் ஃபிலிம் எங்கேருந்து கிடைக்குது?"

"துண்டு ஃபிலிம்க்கா. கலர் படம் ஷூட்டிங் நடந்தா ரோல் கடைசில கொஞ்சம் மிஞ்சும். கேமராமேன் தூக்கிப் போடச் சொல்லிடுவார். கேட்டு வாங்கி, இருட்டு ரூம்ல வெச்சு ஸ்டில் கேமரா டப்பாவுக்குள்ள சுத்திக்குவேன். படத்தோட ரீல் கழுவும்போது இதையும் சேர்த்துக் கழுவிக்கலாம்."

"சரி, அதுல ஒரு சினிமா ஸ்டாரை எடுக்கலாம்ல? எதுக்கு எங்க காம்பவுண்டுச் சுவரு?"

சிரித்தார். "சுவர் மாறிடும்லக்கா. போன வருஷம் பனகல் பார்க் முனையில ஒரு பச்சை வீடு இருந்துச்சு. இப்ப கேட்டா அது பச்சையா, ரோஸான்னு அந்தத் தெருக்காரங்களுக்கே தெரியலை. ஒரே இடத்துல நின்னு வருஷா வருஷம் எடுத்துட்டு வர்றேன். மயிலாப்பூர் குளத்தங்கரை, அடையாறு பாலம், இங்க நம்ம தெரு. கறுப்பு வெள்ளையில எடுத்தா கட்டடம் தெரியும். ஊர் தெரியாது."

எனக்கு இது புரியவில்லை. புரியாததை நான் நம்புவதும் இல்லை. அதோடு அவரிடம் ஒரு நோட்டு வேறு. படம் எடுத்ததும் அதில் தேதி, நேரம், வீட்டு நம்பர், சுவரின் நிறம் எல்லாம் எழுதிக்கொள்வார். வீட்டு நம்பரை எதற்கய்யா எழுதுகிறாய்? முன் போர்ஷன் மாமிக்கும் அதே சந்தேகம்.

"அவன் பார்வையே சரியில்லடி. நேத்து நம்மாத்து வாசல்ல நின்னுண்டு பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துண்டிருந்தான். என்னடாப்பான்னு கேட்டா, வெயில் திரும்பட்டும் மாமிங்கறான். வெயில் எங்கே திரும்பும்? இவன்தான் நம்மளைத் திருப்பி அனுப்பப் போறான்" என்றாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஆள் இல்லாத வீடாக எடுக்கிறான். அப்படியென்றால் விற்பனைக்குக் காட்டத்தான். நோட்டில் நம்பர் எழுதுகிறான். அப்படியென்றால் பின்னால் யாரோ பெரிய ஆள் இருக்கிறான். வீட்டு ஓனரான பெரியவர் மயிலாப்பூரில் இருந்தார். நல்ல மனுஷர், விற்க மாட்டார். ஆனால் அவர் மகனுக்கு விற்கிற எண்ணம் இருந்தது ஊருக்கே தெரியும். ஆக, மாடி ரூம்காரன் அந்த மகன் வைத்த ஆள். சந்தேகம் என்றால் எனக்குச் சாப்பாடு மாதிரி, ஒரு வேளை தவறாது.

நவராத்திரி நாட்களில் ஒரு விடுமுறைக் காலை. பின் முற்றத்தில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கேமராவோடு மாடிப்படி இறங்கி வந்தார்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். இந்தச் சுவரை ஒண்ணு எடுத்துக்கறேன். துணியை மட்டும் தள்ளிக்கலாமா?"

பக்கத்து பங்களாவை அந்த மாசம்தான் இடித்திருந்தார்கள். அதனால் அதுவரை நிழலிலேயே கிடந்த எங்கள் நீலச் சுவரில் முதன்முறையாகக் காலை வெயில் முழுசாக விழுந்திருந்தது. நடுவில் ஜன்னல் திறந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"அடுத்த வருஷம் இந்த வெயில் இருக்காதுக்கா. அங்க மூணு மாடி எழும்பிடும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அங்கே மூன்று மாடி என்று இவனுக்கு எப்படித் தெரியும்? நமக்கே தெரியாதது இவனுக்குத் தெரிகிறதென்றால் வாங்கினவன் இவனுக்கு வேண்டியவன். இவன் கேமராவில் இந்தச் சுவர் தனியாக விழக் கூடாது. அந்த நிமிஷம் நான் முடிவு செய்தது அதுதான்.

"வெறும் சுவத்தை எடுத்தா வீட்டுக்கு நல்லதில்ல தம்பி. ஆள் இல்லாத வீட்டைப் படம் எடுத்தா ஆள் இல்லாமலே போயிடும்பாங்க. இருங்க, நாங்களும் நிக்கறோம்" என்றேன்.

அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் நானே கட்டிவிட்டது.

அவர் தயங்கினார். "ஒரே ஒரு படம்தாங்க்கா பாக்கி. ஃபிலிம் அவ்வளவுதான்."

"ஒண்ணு போதும்" என்று உள்ளே ஓடினேன். பத்து நிமிஷத்தில் நான் பட்டுப்புடவையில் வந்துவிட்டேன். பெண்ணுக்குப் பாவாடை கட்டியாயிற்று. என் வீட்டுக்காரரைச் சவரம் பாதியில் இருக்கும்போது இழுத்து வந்தேன். வந்து நின்ற பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர்! மூன்று பேராக நின்று படம் எடுத்தால் யாருக்காவது ஒருத்தருக்கு ஆகாது. இது நான் கட்டிவிட்டதில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் நடுங்குகிற விஷயம். எங்கள் குடும்பமே மூன்று பேர் என்பதால் எந்தப் போட்டோவுக்கும் நாலாவதாக ஒருத்தரைத் தேடிப் பிடிப்பது எங்களுக்குப் பழக்கம். ஸ்டூடியோவுக்குப் போனால்கூட என் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டுதான் போவோம்.

"மாமி! ஒரு நிமிஷம் வாங்க, கலர் போட்டோ!" என்று கூப்பிட்டேன்.

மாமி கலர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அரக்குப் பட்டில் மடிசார் கட்டிக்கொண்டு வந்தாள். நல்ல உயரம், நல்ல அகலம். மாமி கதவருகே நின்றால் கதவு இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேர் முன்னால் நிறுத்தினேன். தற்செயலாக இல்லை. சுவரில் முடிந்தமட்டும் மறையட்டும் என்று வேண்டுமென்றுதான் நிறுத்தினேன்.

அவர் கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "மாமி, ஒரு அடி இடது பக்கம் நகருங்களேன். ஜன்னல் மறையுது."

"நான் அசையமாட்டேண்டாப்பா. கொசுவம் கலைஞ்சுடும்."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. ஜன்னல் தெரிஞ்சா நல்லாருக்கும்."

"ஜன்னல் எதுக்குத் தம்பி? நாங்க தெரிஞ்சா போதும்" என்றேன். ஜன்னல் மேல் இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று உள்ளுக்குள் இன்னும் ஒரு முடிச்சு விழுந்தது. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்தார். ஒரு க்ளிக். ஃபிலிம் முடிந்தது.

அன்று மத்தியானமே ஓனர் பெரியவருக்கு ஒரு கார்டு எழுதினேன். 'மாடி ரூமில் இருப்பவர் நம்பத் தகுந்தவர் இல்லை. வாயைத் திறந்தால் பொய். தங்கள் வீட்டை மூலைக்கு மூலை படம் எடுத்து வெளியாட்களுக்குக் காட்டுகிறார். வயசுப் பெண்கள் நடமாடும் இடம். சீக்கிரம் காலி செய்யச் சொல்வது தங்களுக்கும் எங்களுக்கும் நல்லது.' எங்கள் வீட்டில் வயசுப் பெண்ணே கிடையாது, என் பெண்ணுக்கு அப்போது எட்டு வயசு. ஆனால் அப்படி எழுதினால்தான் பெரியவர் எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாசமே அவர் ரூமைக் காலி செய்துகொண்டு போனார். போகும்போது என் பெண்ணுக்கு ஒரு பென்சில் டப்பா கொடுத்துவிட்டுப் போனார். அதையும் நான் திறந்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.

அதற்கடுத்த வருஷம் பெரியவர் தவறிப்போனார். மகன் கைக்கு வீடு வந்தது. வந்ததும் முதல் பொங்கலுக்கு வீடு முழுக்க மஞ்சள் அடித்தார். பரவாயில்லையே, விற்கிறவன் வெள்ளையடிப்பானா என்று நானே மாமியிடம் மெச்சிப் பேசினேன். மனுஷியின் புத்தி பாருங்கள், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் அது தூங்கிவிட்டது. மாமியும் மாமாவும் ஓனரோடு சமாதானமாகப் பேசிக்கொண்டு அடையாறுக்குக் குடிபோனார்கள். அப்புறம் எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸில் இருந்த விஷயம் இதுதான்: நாங்கள் ஓனரின் அனுமதி இல்லாமல் சமையலறைச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டோம், கட்டடத்துக்குச் சேதம் செய்தோம், ஆகவே காலி செய்ய வேண்டும். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு எங்கள் வக்கீல் சொன்னதைக் கேட்டு என் சிரிப்பு அடங்கிப்போயிற்று. வீட்டின் பழைய பிளானில் அந்த ஜன்னல் இல்லையாம். எங்களுக்கு முன்னால் இருந்த குடித்தனத்துக்காகப் பெரியவர் வாய்ப்பேச்சில் வைத்துக் கொடுத்தது அது. பெரியவர் போய்விட்டார், அந்தக் குடித்தனம் வடக்கே எங்கேயோ போய்விட்டது. ஓனரோடு சமாதானமாகப் போன மாமியோ கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன் என்றுவிட்டாள். மஞ்சள் அடித்த ஆளும் ஓனர் பக்கம் சாட்சி: நான் அடித்தபோது அங்கே ஜன்னல் கிடையாது, முழுச் சுவர் என்று சொல்லிவிட்டானாம்.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று வக்கீல் கேட்டார்.

ஒன்று இருந்தது. என் நாத்தனார் அந்த ஜன்னல் பக்கத்தில் நிற்கிற படம். ஆவலோடு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கறுப்பு வெள்ளைம்மா. மஞ்சள் அடிச்சதுக்கு அப்புறம் எடுத்ததுன்னு அவங்க சொல்வாங்க. இல்லைன்னு எப்படிச் சொல்றது? இதுல நீலமும் சாம்பல், மஞ்சளும் சாம்பல். சுவர் நீலமா இருக்கணும், அதுல ஜன்னல் இருக்கணும். அப்படி ஒரு படம் இருந்தா கொண்டாங்க, கேஸ் நம்ம பக்கம்."

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊர் தெரியாது என்று மாடி ரூம்காரர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியை எங்கே நிறுத்தினேன் என்பதும் நினைவிருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஓரத்திலாவது ஜன்னல் கொஞ்சம் தெரியாதா? அதற்கு முன்னால் அவர் வேறு ஏதாவது எடுத்திருக்க மாட்டாரா? லேபில் விசாரித்து, அவர் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

மேன்ஷன் வாசலில் வாட்ச்மேன் மறித்தான். "இன்னாம்மா, மேல போவக் கூடாது. லேடீஸ் அல்லாம் நாட் அலவ்டு. நீ இப்டி குந்து, நான் கூப்ட்டுக்கினு வரேன்." படிக்கட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன முகத்தோடு கேட்பது என்று உட்கார்ந்த இடத்தில் வேர்த்தது. அவர் இறங்கி வந்து, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா! பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். கேஸை மட்டும். அவர் மேலே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே துண்டு துண்டாக ஃபிலிம், நெகட்டிவ் இல்லை, நிறம் உள்ளபடி தெரிய லேபிலேயே பிரிண்ட் போட்டவை, ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, மேலே தேதி. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் தெரு. மல்லிகைப் பந்தல் போட்ட வாசல், அதே வாசல் பந்தல் இல்லாமல், அதே வாசல் குடங்களோடு. பனகல் பார்க் முனையின் பச்சை வீடு. அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெறும் தோப்பு, அடுத்ததில் தோப்புக்கு நடுவே வீட்டு வரிசை. ஊரூர் குப்பத்துப் படகுகளுக்குப் பின்னால் வெற்று மணல், அடுத்ததில் செங்கல் குவியல். சிலது சிவந்துபோயிருந்தன. "நீலம்தான்க்கா முதல்ல போவும். சரியா வாஷ் ஆகலைன்னா எல்லாம் ரோஸாயிடும்" என்றார். நாங்கள் வாழ்ந்த தெருவை அவர் எங்களைவிட நன்றாகப் பார்த்திருந்தார். யாருக்கும் விற்கவில்லை. யாருக்கும் காட்டவில்லை. நான்தான் முதல் ஆள் என்றார்.

கடைசியில் எங்கள் சுவர். நீலம் போகவில்லை, அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் கன்னத்தில் சோப்பு நுரை. பெண் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றிருந்தேன். எனக்குப் பக்கத்தில் மாமி, அரக்குப் பட்டு, அகலமாக. ஜன்னலின் ஒரு கம்பிகூடத் தெரியவில்லை. பூதக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். மாமியின் தோளுக்கு மேலே வெறும் நீலச் சுவர்தான். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஜன்னலே இல்லை என்றுதான் தோன்றும். அதைக் கோர்ட்டில் காட்டியிருந்தால் ஓனர் எனக்கு மாலை போட்டிருப்பார்.

"அன்னிக்கு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சுக்கா" என்றார். குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

நான் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே சொன்னார்: "படம் இல்லைன்னா என்னக்கா, நான் இருக்கேன்ல. நான் வந்து சொல்றேன். நோட்டுல எழுதியிருக்கேன், 'நீலச் சுவர், ஜன்னல் மறைந்துவிட்டது'ன்னு. தேதியோட."

கார்டைப் பற்றி அவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருக்கலாம். பெரியவரோடு அந்தக் கார்டும் போயிருக்கும் என்று ஒரு கணக்கு. சொன்னால் வரமாட்டார் என்று இன்னொரு கணக்கு. அத்தனைக்கும் பிறகும், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் அவரை நம்பவில்லை. அதுதான் உண்மை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சாட்சி சொன்ன நாளன்று என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் பாரிமுனைக் கோர்ட்டுக்குப் போனேன். மாடி ரூம்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். சுவர் நீலம், ஜன்னல் இருந்தது, மாமி முன்னால் நின்றதால் படத்தில் விழவில்லை, நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். எங்கள் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வீடு தங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "உங்களை அந்த ரூமைக் காலி பண்ணச் சொன்னது யாரு?"

"பெரிய ஓனருங்க."

"ஏன்னு சொன்னாரா?"

"சொந்தக்காரங்களுக்கு ரூம் வேணும்னாரு."

வக்கீல் கையில் ஒரு கார்டு இருந்தது. நடுவில் ஓட்டை. பெரியவர் வந்த கடிதங்களையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி மாட்டி வைப்பார், எல்லா வீட்டிலும் இருக்குமே அந்த மாதிரிக் கம்பி. மகன் அதிலிருந்து உருவியிருக்கிறார். என் கையெழுத்தை நான் அறையின் அந்தக் கோடியிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். வக்கீல் தேதியிலிருந்து ஆரம்பித்து ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். நம்பத் தகுந்தவர் இல்லை. வாயைத் திறந்தால் பொய். வயசுப் பெண்கள் நடமாடும் இடம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்கள், உங்கள் கையெழுத்துதானா என்று. ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வக்கீல் அவரிடம் திரும்பினார். "இந்த அம்மா எழுதினது உண்மைன்னா நீங்க பொய்யர். நீங்க சொல்றது உண்மைன்னா இந்த அம்மா பொய் எழுதியிருக்காங்க. ரெண்டுல எது?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார். அப்புறம் முன்னால் திரும்பி, "ஜன்னல் இருந்துச்சுங்க" என்றார். அதற்கு மேல் எதற்கும் பதில் சொல்லவில்லை.

தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு போயிற்று. எங்கள் சாட்சியை நாங்களே பொய்யர் என்று எழுதியிருக்கும்போது யார் நம்புவார்கள்? அந்தக் கார்டில் 'மூலைக்கு மூலை' என்று எழுதினேனே, 'ஜன்னலைக்கூட விடவில்லை' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், போஸ்ட் ஆபீஸ் முத்திரையோடு அதுவே எங்களுக்குச் சாட்சியாகியிருக்கும். முத்திரையின் அருமை தெரிந்தவள் நான். எழுதவில்லையே, பாவி. ஆறு மாசத்தில் வடபழனியில் ஒரு சந்துக்குள் குடிபோனோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்தது. என் பெண் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறினாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டம்.

ஆனால் இத்தனை வருஷம் கழித்து எனக்கு வீடு அவ்வளவாக உறுத்தவில்லை. உறுத்துவது அன்று மத்தியானம் பாரிமுனை பஸ் ஸ்டாப்பில் நடந்தது. கோர்ட்டிலிருந்து அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டாப்பில் அவர் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்தத் தேதி... அது ஆயுத பூஜை அன்னிக்குத்தானேக்கா?"

"ஆமா தம்பி."

"படம் எடுத்து முடிச்சதும் நீங்க கேமராவைக் கேட்டு வாங்கினீங்க. உங்க பூஜையில வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுக் குடுத்தீங்க. ஊர்ல எங்கம்மா வெக்கற மாதிரி இருந்துச்சுன்னு நான் அன்னிக்கு அவங்களுக்கு லெட்டர் எழுதுனேன்."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் தையல் மிஷினும், அரிவாள்மனையும், பெண்ணின் புத்தகங்களும், நடுவில் அந்தத் தோல் உறை போட்ட கேமராவும் கண்ணில் வந்தன. பொட்டு வைத்த கை ஈரம் காய்வதற்குள் அதே கையால் கார்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார், நான் ஒரு கடிதம் எழுதினேன்.

திருவல்லிக்கேணி பஸ் வந்தது. அவர் ஏறினார். "பாப்பா எப்படி இருக்கா?" என்று இந்தத் தடவை கேட்கவில்லை. பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தியாகராய நகர் பஸ் இரண்டு வந்து போயின.